வாசல் சாவி

அன்புள்ள அம்மாவுக்கு,

நிக்ஷிச்சில் பனி விட்டதா, உன் முழங்கால் வலி விட்டதா? இங்கே ட்ரியெஸ்தெயில் நான் நலம்.

அண்ணன் அனுப்பிய பத்திரத்தில் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பா வீட்டில் என் பங்கும் இனி அண்ணனுக்கே. நோட்டரி, "நல்லா யோசிச்சீங்களா? சட்டப்படி உங்களுக்கும் சம பங்கு உண்டு," என்றார்.

"எங்க ஊர்ல பங்கு கேட்ட தங்கச்சிக்குப் பொறந்த வீட்டு வாசல் கிடையாதுங்க."

"கேட்காதவங்களுக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

விவாகரத்தும் ஆகிவிட்டது, இங்கிருந்த வீடு உன் மாப்பிள்ளைக்கே போனது. பரவாயில்லை, வேலை பார்க்கும் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன். என் கம்பளிப் போர்வையை மட்டும் எலி கடிக்காமல் எடுத்து வை.

முதலாளியம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். பத்திரத்தோடு வாசல் சாவியையும் அண்ணன் கேட்டிருந்தார். அது தொலைந்துவிட்டதென்று சொல்லிவிடு அம்மா. என்னிடமே இருக்கட்டும்.

யாகொதா