கழற்றி எடுக்கும் கொட்டகை

மார்ச் 11, செவ்வாய்

பைக் பார்க்க வந்தவன் சீட்டில் உட்கார்ந்த வேகத்தில் "யம்மா" என்று துள்ளி எழுந்தான். போனவன் போனவன்தான். கழுகுமலை ரோட்டில் பழைய வண்டி விற்கிறவன் வெயிலோடும் பேரம் பேச வேண்டியிருக்கிறது. கடை முன்னால் தகரக் கொட்டகை போட்டே ஆக வேண்டும்.

இடத்துக்காரர் துரைப்பாண்டியிடம் கேட்டேன். "தாராளமா குழி தோண்டுங்க அண்ணாச்சி. நல்லா ஆழமா ஊனுங்க" என்கிறார். காலண்டர் மாட்ட ஆணி அடித்ததற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனுசன். இப்ப எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம்?

மார்ச் 13

தெரிந்துவிட்டது. வாடகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டகைத் தகரத்தில் 'சூடான போண்டா' என்று எழுதியிருக்கிறது. எனக்கு முன்னால் என் கடை இடத்தில் டீக்கடை வைத்திருந்த மூக்காண்டியின் தகரம்! அவன் காலி பண்ணியபோது, "மண்ணுல ஊனுனது இடத்தோட சேந்ததுவே" என்று தடுத்துவிட்டு, பிறகு இவரே தோண்டிக் கொண்டுவந்திருக்கிறார். மூக்காண்டி தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறான். போண்டா சுடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

மாடு என்னைப் பார்த்து அசை போட்டது. அடுத்த தகரம் நான்தான் போல.

மார்ச் 17

வெல்டர் பாதுஷா வந்தார். கடையநல்லூர்க்காரர். எதைச் சொன்னாலும் துபாயில் போய் முடியும்.

"தரையிலயே தகடு வச்சு போல்ட்டு அடிச்சிருவோம். துபாய்ல அப்படித்தான்."

"பாய், துபாய்ல தரை இருக்கு. இங்கன இருக்கது கரிசல் மேல பூசுன பூச்சு."

கட்டைவிரல் நுழைகிற வெடிப்பு. அதில் அடித்த போல்ட்டு சொத்தைப் பல் மாதிரி கையோடு வரும். மண் ரொப்பிய டிரம்மில் தூணை நிறுத்தலாமாம், அடுத்த யோசனை. ஆடிக் காற்று தகரத்தை மேலிருந்து அமுக்குமா? அடியில் புகுந்து தூக்கும்.

"அப்ப குழிதான். கொட்டகை மாட்டுக்குத்தான்" என்று சிரிக்கிறார். அவருக்கென்ன.

மார்ச் 18

முடிவு பண்ணியாச்சு. கரிசல் முடிந்து கெட்டித் தரை வரும்வரை குழி. குழி நிறையக் கான்கிரீட். ஆனால் தூணைப் புதைக்கப் போவதில்லை. கான்கிரீட்டிலிருந்து போல்ட்டு மட்டும் மேலே நீட்டி நிற்கும். தூண் தன் தகட்டோடு அதன்மேல் உட்காரும். ஸ்பேனர் போட்டால் கழன்று வரும். மண்ணுக்குள் இருப்பது அவருக்கு, மேலே நிற்பது எனக்கு.

வேல்விழியிடம் பெருமையாகச் சொன்னேன். "யாரையும் நம்பாத மனுசன்! எங் கழுத்துத் தாலியையும் போல்ட்டு போட்டுத்தான் கட்டுனீங்களா?" என்கிறாள். இவளிடம் போய்ச் சொன்னேன் பாரு.

மார்ச் 24

கான்கிரீட் போட்டோம். துரைப்பாண்டி தேங்காயோடு வந்து, "இன்னும் ஆழம் போங்கய்யா" என்று ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தார். மாட்டுக்கு அளவெடுக்கிறார்.

ஜூலை 27

ராத்திரி முழுக்கக் காற்று. எதிர்த்த செல்போன் கடைக்காரனின் டிரம் கொட்டகை ரோட்டு நடுவில் மல்லாந்து கிடக்கிறது. நல்லவேளை, யாரும் மாட்டவில்லை. நம்முடையது அசையவில்லை. சிரிக்கக் கூடாது. சிரித்தேன்.

ஜனவரி 19

"மகன் கடை வைக்கணுங்கான் அண்ணாச்சி. காலி பண்ணிக்குடுங்க. கொட்டகை கெடக்கட்டும்." துரைப்பாண்டி அப்படியே சொல்லுதாரு! கெடக்கட்டுமாம்ல!

வேல்விழி தன் நகையை விற்று வாங்கிப்போட்ட இடம் குருவிகுளம் ரோட்டில் இருக்கிறது. பத்திரம் அவள் பெயரில். "அங்க போவோம்" என்றாள். அரை மனசாகத்தான் தலையாட்டினேன். பொண்டாட்டி இடத்தில் குடிவந்த வியாபாரி. என்ன பெயர் இது?

பிப்ரவரி 2

கழற்றினோம். துரைப்பாண்டி ஓடி வந்தார்.

"ஊனுனது இடத்துக்குல்லா சேரும்?"

"ஊனுனது அங்கனதான் இருக்கு அண்ணாச்சி. தொடவே இல்ல."

தரையில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளைப் பார்த்தபடியே நின்றார். "இது ஆளு காலைக் குத்துமே" என்றார். ஒரு வருசத்தில் அவர் பேசிய முதல் உண்மை.

பிப்ரவரி 9

குருவிகுளம் ரோட்டிலும் கரிசல்தான். குழி தோண்டி முடிந்தது. பாதுஷா கேட்காமலே போல்ட்டோடு வந்து நின்றார். வேல்விழி கையைக் கட்டிக்கொண்டு அந்தப் போல்ட்டையே பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன்.

"பாய், அந்தத் தகட்டை வெட்டிரும். தூணை நேரா குழிக்குள்ள இறக்கும்."

"பெறவு கழத்த முடியாதே அண்ணாச்சி?"

"கான்கிரீட்ட ஊத்தும்."

வேல்விழி கிட்டே வந்து குழியை எட்டிப் பார்த்தாள். "நல்லா ஆழமா ஊனச் சொல்லுங்க" என்றாள்.