கௌரி சுடாத ஆட்டம்

நவம்பர் 17, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு பி ஷிப்ட் போக வேண்டும்.

இன்று செய்ய வேண்டியவை: கேஸ் புக் செய்வது. கௌரியைச் சாப்பிட வைப்பது. போனைப் பார்க்காமல் இருப்பது. மூன்றாவது, பல் விளக்கும்போதே தோற்றது.

நேற்று பெங்களூரில் ஃபைனல். பெண்கள் டீம்களுக்கான மொபைல் துப்பாக்கி ஆட்டம். நாங்கள் இரண்டாம் இடம். இதை எழுதும்போது துள்ளிக் குதிக்க வேண்டும், குதிக்க முடியவில்லை. முதல் இரண்டு டீம்களையும் பெங்களூர் கம்பெனி ஒன்று சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். தங்க வீடு, மூன்று வேளைச் சோறு, விளையாடுவது மட்டும்தான் வேலை. பொங்கல் முடிந்து வரச் சொன்னார்கள். வண்டிக்கு ஒயரிங் செட் கட்டும் இந்த லைனில் நின்று நின்று குதிகால் மரத்துப்போன எங்கள் நாலு பேருக்கும் விடுதலை. எனக்கு, ஷமீமுக்கு, லாவண்யாவுக்கு, கௌரிக்கு.

கௌரிக்குத்தான் ரொம்பத் தேவை. ஜவளகிரியில் அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார். பெங்களூரில் வேலை கிடைத்தால் ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். அதற்காகவே அந்தப் பெண் தூங்காமல் பழகினாள்.

இப்போது எல்லோர் போனிலும் ஒரு வீடியோ. கடைசி ரவுண்டு. அத்திப்பள்ளி டீமின் நாகவேணி திறந்த வெளியில் அசையாமல் நிற்கிறாள். எதிரே கௌரி, கையில் துப்பாக்கி. ஒரு சிறுபிள்ளை கூடச் சுட்டிருக்கும். கௌரி சுடவில்லை. அதோடு விட்டாளா, நாகவேணியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் நாகவேணி அசைந்து, வேறு பக்கம் ஓடி, கடைசியில் அவர்கள் டீம் ஜெயித்தது.

வீடியோவின் மேல் எழுதியிருக்கிறார்கள்: "ஓசூர் அக்காக்கள் பேசி வைத்த ஆட்டம்."

கௌ. காலையில் ஒரு தட்டு இட்லியை வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தாள். கேட்டால், "தெரியலக்கா." இதே பதில் நேற்று பஸ்ஸிலும்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை இல்லை. பனி. கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து சாண வாடை அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

டீ டைமில் லாக்கரிலிருந்து போனை எடுத்தவர்கள் எல்லாம் அதே வீடியோவைத்தான் பார்த்தார்கள். காதில் விழுந்தவை:

"தோத்தவளுக்கு யாரு காசு குடுப்பா?"

"தோக்கறதுக்குத்தான்டி காசு."

"அந்த நாகவேணி நம்ம லைன்ல இருந்தவதானே. போன வருசம் கர்நாடகா பக்கம் வேலைக்குப் போனாளே."

அதுதான் வினை. இரண்டு வருஷம் கௌரிக்குப் பக்கத்து இடத்தில் நின்றவள் நாகவேணி.

போட்டிக் கமிட்டியிலிருந்து மெயில். மூன்றாம் இடம் வந்த டீம் புகார் கொடுத்திருக்கிறது. கொடுக்காதா பின்னே, எங்களை நீக்கினால் அவர்களுக்கு இடம். நாளை காலை வீடியோ காலில் விசாரணை. கேப்டன் என்ற முறையில் நான் பேச வேண்டும்.

ஷமீம் வந்தாள். கதவைச் சாத்தினாள். கௌரி குளிக்கப் போன நேரத்தில் அவள் போனைப் பார்த்தாளாம். சனிக்கிழமை, ஃபைனலுக்கு முந்தின நாள், கௌரி நாகவேணியோடு வெகுநேரம் பேசியிருக்கிறாள்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லலல்ல? அப்ப என்னா அர்த்தம்?"

"அடுத்தவ போன எடுத்துப் பாக்கறது மட்டும் நல்லாருக்கா?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அதே சந்தேகம்தான். சமையல் செய்தபோது கௌ. உப்பை எடுத்துக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

லாவண்யா போனை அணைத்துவிட்டுப் போச்சம்பள்ளிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரி.

நவம்பர் 19, புதன்

காலை. வீடியோ கால் வருவதற்கு முன்னால் கௌரியை வாசற்படியில் உட்கார வைத்து நேராகவே கேட்டேன்.

"சனிக்கிழமை அவகிட்ட என்னாடி பேசின?"

"கல்யாணத்தப் பத்திக்கா. வேற யார்கிட்ட சொல்லி அழ? உங்ககிட்ட சொன்னா ஆட்டத்துல கவனம் போயிடும்னு திட்டுவீங்க."

திட்டியிருப்பேன். உண்மை.

"அப்ப ஏன் சுடல?"

"அவ கை தூக்கினாக்கா" என்றாள்.

வீடியோவை மறுபடி போட்டேன். இத்தனை தடவை பார்த்தும் என் கண்ணில் படவில்லை. நாகவேணியின் பொம்மை நிற்கிறது, இடது கை நெஞ்சுக்கு மேலே, விரல் விரித்து. எனக்கே உடம்பு ஒரு அரை அடி பக்கவாட்டில் நகரப் பார்த்தது.

நாகவேணிக்குப் போன் போட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். "போன் ஹேங் ஆகோய்த்து அமுதக்கா. எங்க டீம்ல போன் திணற ஆரம்பிச்ச ஒடனே கை தூக்கற பட்டன அமுக்கிடுவோம். நாந்தான் சொல்லிக் குடுத்தேன், லைன் பழக்கம். கௌரி பாப்பானு நான் நெனக்கவே இல்ல. தேவ்ராணெ அக்கா." சாமி மேல் சத்தியம் செய்கிறாள். நம்புகிறேன்.

விசாரணை. கமிட்டி ஆள் நல்ல மாதிரிதான். மேடம் போட்டுப் பேசினார். நான் வாய் திறப்பதற்குள் கௌ. சொல்லிவிட்டாள்: "சார், அது எங்க வேலைப் பழக்கம், கை தானா செஞ்சிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். "நீங்க சொல்றது நெஜமா இருக்கலாம் மேடம். வெறும் வாய்ப் பேச்ச வச்சு நான் எதுவும் செய்ய முடியாது. உங்க லைன்ல இப்படி ஒரு சைகை இருக்குதுனு கம்பெனியிலருந்து ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. சூப்பர்வைசர் கையெழுத்து போதும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

ஷமீம் என் தோளைத் தட்டினாள். ஒரு லெட்டர், அவ்வளவுதானே.

நான் கௌரியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்தது. லைனில் கௌரிக்குப் பக்கத்தில் நிற்கும் ராணியக்கா.

நவம்பர் 20, வியாழன்

குளிர். உதடு வெடித்துவிட்டது.

லெட்டரில் என்ன எழுதச் சொல்வது என்று காலையில் நானே எழுதிப் பார்த்தேன்:

"எங்கள் லைனில் ஒயர் பலகை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் மாற்று ஆளைக் கேட்க வேண்டும். மாற்று ஆள் எப்போதும் இருக்கமாட்டார். அதனால் போக வேண்டியவள் இடது கையைத் தூக்குவாள். பக்கத்தில் நிற்பவள் ஏன், எதற்கு என்று கேட்காமல் அரை அடி நகர்ந்து அவள் வேலையையும் சேர்த்துச் செய்வாள். அவள் திரும்பி வரும்வரை அந்த இடத்தை யார் கண்ணிலும் படாமல் காப்பாள்."

படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். ஒருத்தி கார்டில் இன்னொருத்தி வேலை செய்தால் கம்பெனிச் சட்டப்படி இரண்டு பேருக்கும் கேட் மூடிவிடும், வேலை போய்விடும். போன தீபாவளிக்கு முன்னால் பக்கத்து லைனில் மூடியது. இதில் சூப்பர்வைசரிடமே போய்க் கையெழுத்துக் கேட்பதா?

எல்லோரும் எப்போதாவது கை தூக்குகிறவர்கள்தான். ராணியக்கா அப்படியில்லை. கர்ப்பப்பையில் கட்டி. மாதம் பாதி நாள் ரத்தம் நிற்பதில்லை. ஆபரேஷனுக்கு இ.எஸ்.ஐ.யில் தேதி வாங்கிக் காத்திருக்கிறாள். வேலை போனால் இ.எஸ்.ஐ. கார்டும் போகும், ஆபரேஷனும் போகும்.

ஷமீமிடம் சொன்னேன். எதிர்பார்த்ததுதான்.

"அவளுக்காக நாம நாலு பேர் பொழப்ப விடணுமா? அவ கேட்டாளா உன்ன?"

"கேக்கல."

"அப்ப போய்ச் சொல்லு அவகிட்ட. இன்ன மாதிரி ஆயிடுச்சுனு. அவளே சொல்லட்டும்."

ராணியக்காவிடம் சொல்லலாம் என்று நானும் நினைத்தேன். "எனக்காக நீங்க கெட வேணாம், போய்ச் சொல்லுங்கடி" என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன். சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டால்? இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம்.

ஆனாலும் போனேன். ராணியக்காவிடம் இல்லை, சூப்பர்வைசர் மேஜைக்கு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறார். ஆள் கெட்டவர் இல்லை, பயந்தவர். அது இன்னும் மோசம்.

"என்னம்மா, ஆட்டக்காரி?"

வாயில் வார்த்தை வந்துவிட்டது. அப்போது கண்ணாடி வழியே லைன் தெரிந்தது. ராணியக்கா கை தூக்கினாள். கௌரி நகர்ந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை, கை மட்டும் டேப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவளுக்கு வேண்டிய லெட்டர் இந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துதான் நகர்ந்தாள்.

அவர் முதுகு லைன் பக்கம். திரும்பிவிடுவாரோ என்று மேஜையைச் சுற்றிப் போய்க் கண்ணாடியை மறைத்து நின்றேன்.

"ஞாயித்துக்கெழம ஓ.டி. வரட்டுமா சார்?"

"வா, வா. ஆள் பத்தல."

இப்படியாக ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. முட்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் கௌரியைக் கேட்டேன். "நீ சொன்னா இப்பவே போய்க் கேக்கறேன். உன் கல்யாண விஷயம். நீயே முடிவு பண்ணு."

"ராணியக்கா மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்பிடிக்கா சொல்றது?"

அவள் மேல் முடிவைத் தள்ளியது என் கோழைத்தனம். கேப்டன் நான்தானே.

கமிட்டிக்கு மெயில் அனுப்பினேன். லெட்டர் கிடைக்கவில்லை, வேறு விளக்கம் இல்லை, காசு வாங்கவில்லை. கடைசி வரியை அழித்தேன். மறுபடி சேர்த்தேன்.

ஷமீம் இன்று சோறு தனியாக வடித்துக்கொண்டாள்.

நவம்பர் 22, சனி

முடிவு வந்தது. இரண்டு டீமுக்கும் இரண்டு வருடத் தடை. பெங்களூர் இடம், மூன்றாவதாக வந்தவர்களுக்கும் நாலாவதாக வந்தவர்களுக்கும். எட்டுப் பேர் போட்டோவையும் போட்டிருக்கிறார்கள். என் போட்டோவில் நான் சிரிக்கிறேன், ஃபைனல் காலையில் எடுத்தது.

நாகவேணி போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன், தெரியாது.

மதியம் கௌரியின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, தண்ணீர் கொடுத்ததை வாங்கி ஓரமாக வைத்தார். "ஊர்ல எல்லாம் பாத்துட்டாங்கம்மா. மாப்பிள்ள வூட்ல கூட. நல்ல வேள, அவங்க ஒண்ணும் சொல்லல. தை வரைக்கும் காக்க வேணாம், கார்த்திகைலயே முடிச்சிடலாம்னு சொல்லிட்டாங்க." அவருக்கு என் மேல் கோபமில்லை. அவமானம். கோபமாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கௌ. பை கட்டினாள். இரண்டு சுடிதார், யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க ஒரு கவர், சார்ஜர். ஷமீம் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

தளி பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்றோம். அவள் அப்பா தள்ளி நின்றார்.

"நான் சுட்டிருக்கணும்கா."

"ஆமா" என்றேன். "சுட்டிருக்கணும்டி."

ஏன் சொன்னேன்? இல்லை என்று சொல்லியிருக்கலாம். உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். கோபம் எங்கேயோ இருந்தது, அவள் மேல் விழுந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். ஜன்னல் சீட்டு கிடைத்தது, ஆனால் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஓ.டி. தலைவலி. எழுத ஒன்றுமில்லை. கௌரி இடத்தில் புதுப் பெண், ஒடிசா. கை காட்டினால் என்னவென்று தெரியாமல் விழிக்கிறது. ராணியக்காவுக்கு இன்று உடம்பும் முடியவில்லை, இடம் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. நடுவில் நான் இடம் மாறி நின்று சமாளித்தேன்.

நவம்பர் 24, திங்கள்

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு. யூனிஃபார்ம் காய்ந்தது.

டீ டைம். கேன்டீனில் எங்கள் லைன் முழுக்க ஒரே மேஜை. அடுத்த மேஜையில் சூப்பர்வைசர், டீயை ஊதிக்கொண்டு, காது இந்தப் பக்கம். ராணியக்கா என் தோளில் கை போட்டாள். நேற்றை விட முகம் தெளிவாக இருந்தது. ஆபரேஷன் தேதி டிசம்பரில் உறுதியாகிவிட்டதாம்.

"ஏன்டி அமுதா, ஃபைனல் அன்னிக்கு நாங்கல்லாம் ஒரே போன்ல உக்காந்து பாத்தோம், தெரியுமா? உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்டி நானு. கடைசில இப்பிடிப் பண்ணிட்டீங்களே."

டீயின் ஆடையை விரலால் எடுத்துப் போட்டேன்.

"சரி விடு. நாலு காசு பாத்தா தப்பில்ல. எவ்ளோ குடுத்தாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் தரவில்லை என்று சொன்னால் அப்புறம் ஏன் சுடவில்லை என்று கேட்பார்கள். சூப்பர்வைசர் டீயை ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"நல்லாவே குடுத்தாங்கக்கா" என்றேன்.

மேஜையே சிரித்தது. அப்படியென்றால் ட்ரீட் வை என்றார்கள். போய் முட்டை பப்ஸ் வாங்கி வந்தேன், ஆளுக்கு ஒன்று. ராணியக்கா சூட்டோடு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"கௌரிக்கும் பங்கு உண்டா?"

"உண்டுக்கா."

"பாரேன். அந்தப் பொண்ண நான் ரொம்ப நல்லவனு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள் ராணியக்கா.