துணியால் பிடி

நிங்கன்,
ஞாயிறு மத்தியானம்

என் செல்ல ஜசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் நலம், மழைதான் இன்னும் வந்து சேரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன், இல்லையென்றாலும் ஆமாம் என்றே பதில் எழுது.

"நம்ம ஊர்க்காரங்களுக்கே இந்தப் படம் பிடிக்கலைன்னா, இங்க குடுத்திருக்கற புதுப் பட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன், நடிப்பை விட்டுட்டு ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்துல நாடகம் சொல்லிக் கொடுக்கறேன்" என்று போனில் அழுதாயே, நேற்று ஊர் மண்டபத்தில் படம் போட்டார்கள், நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா, பிடிக்காததைப் புகழ்வார்கள், பிடித்துவிட்டால் கிண்டல்தான். அமெரிக்கப் பேச்சுப் பேசி நடித்த உன் முதல் படம் முடிந்ததும் வரிசையாக வந்து, ரொம்ப அழகா இருந்தா, அந்த நீல கவுன் எடுப்பா இருந்துச்சு என்றார்கள், படம் தேறவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அதற்கு முன்னால் சிட்னி டிவி தொடரில் நர்ஸாக வந்து காரோடு ஆற்றில் மூழ்கினாயே, மறுநாள் ரொட்டிக் கடை டோரத்தி, இழவு வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல ஒரு பாத்திரம் நிறைய ஆட்டுக்கறி சமைத்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "புள்ள உசிரோடதான் இருக்குன்னு தெரியும் நோரீன், மனசு கேக்கலை" என்றாள். அந்தக் கறிப் பாத்திரத்துக்கு ஈடாக இன்னொன்று வராதா என்றுதான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன்.

நேற்று நீ ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறவளாக, நம் ஊர்ப் பேச்சே பேசிக்கொண்டு வந்தாய். அடுப்பில் இருந்த இரும்புச் சட்டியின் மூடியை வெறுங்கையால் தூக்கினாய் பார், பின்வரிசையிலிருந்து கெல்வின், அவன்தான் இப்போது கத்தரிப்புக் கூட்டத்துக்குத் தலைவன், "அடியே, துணியால புடி, கை வெந்துடும்!" என்று கத்தினான். ஒருவரும் சிரிக்கவில்லை. டோரத்தி தன் கையை ஊதிக்கொண்டிருந்தாள். படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது கிண்டலைப் பிடித்துக்கொண்டார்கள், அவ சுட்ட ரொட்டியை வச்சுக் கொட்டகைக்கு அஸ்திவாரம் போடலாம் என்று ஒருவர், என் கூட்டத்துக்குச் சமைக்க வந்தா ஒரே நாள்ல துரத்திடுவேன் என்று கெல்வின், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நீ என்ன உடுத்தியிருந்தாய் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், இரண்டு துண்டு கேக் கூடுதலாகத் தின்றேன்.

வீடு திரும்பும்போது அப்பாதான் வண்டி ஓட்டினார். பண்ணைக் கதவைத் திறப்பது வண்டி ஓட்டாதவர் வேலையல்லவா, நேற்று ஓட்டி வந்த மனுஷனே இறங்கிப் போய்த் திறந்துவிட்டு, திரும்பி வராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனேன். முகத்தைக் காட்டாமல், "பரவால்ல, நோரீன்" என்றார். தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "நெசமாவே பரவால்ல" என்றார். கல்யாணத்தன்று என்னைப் பார்த்துக்கூட ஒரு தடவைதான் சொன்னார் அதை.

நீ வந்துவிடுவாய் என்று உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருந்தேன், மறைப்பானேன், ஆசைப்பட்டேன்தான், இப்போதும் ஆசைதான். ஆனால் கையெழுத்துப் போடு கண்ணே. விரிப்பு கிறிஸ்துமஸ் வரை காத்திருக்கும். எடுத்த வேலை எல்லாம் உன் கைக்கு வசப்படட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். வெயிலில் தொப்பி போடாமல் போகாதே. இதோடு தடித்த துணி ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், காலையில் கெல்வின் கொண்டுவந்து கொடுத்தான். அது வெறும் படம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும், இருந்தாலும் அனுப்புங்க" என்றான்.

உன் அம்மா,
நோரீன்