குளிக்காத அருவிக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

அனுப்புநர்:
இ. வேல்விழி,
மாவு மில், சந்தைக்குப் பின்புறம்,
சுரண்டை, வீரகேரளம்புதூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சைக்குப் பின் என் கணவருக்கு ஏற்பட்ட கிருமித் தொற்று – பரிசோதனை முடிவைத் தர மறுக்கும் தனியார் மருத்துவமனை – உடனே பெற்றுத்தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இசக்கிமணி, புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். வண்டியில் ஏறினால் தண்ணீர் குடிக்க மாட்டார், குடித்தால் வழியில் நிறுத்த வேண்டுமே என்று. கல் வந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. கல்லை எடுத்தவர்கள் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

2. குற்றாலம் சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் (பெயர் இணைப்பில்) செவ்வாய்க்கிழமை சேர்த்தோம். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க மாதிரி எடுத்தார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் மறுநாள் காலையிலேயே முதுகில் துளையிட்டுக் கல்லை எடுத்து, அந்தத் துளையில் ஒரு குழாயை வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வருவாராம். கிருமி இருக்கும்போது கல்லில் கை வைத்தால் அது ரத்தத்தில் ஏறும் என்று எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

3. வியாழன் மதியம் கட்டில் ஆடும் அளவுக்கு அவருக்கு உடம்பு நடுங்கியது. செவிலியர் வந்து, “சாரக் காத்துக்குக் குளுருதுக்கா, சன்னலச் சாத்துங்க, சரியாப் போவும்” என்று சொல்லி ஒரு போர்வையைத் தந்தார். போனில் டாக்டரும் அதையே சொன்னாராம். ஐயா, நாங்கள் சாரலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சாரலுக்கு எங்கள் ஊரில் யாருக்கும் பல் கிட்டிப்போனது கிடையாது. அவர் நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. சாரல் கொதிக்குமா?

4. வெள்ளிக்கிழமை அந்தக் காய்ச்சலோடேயே முதுகுக் குழாயை உருவி, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலைக்குள் சிறுநீர் நின்றுவிட்டது. பேச்சும் நிலை தவறியது. “ஏட்டி, லோடு அழுகிரும், வண்டிய எடுக்கணும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது திருநெல்வேலி அரசு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். மருந்து ஏற்றிய பிறகு எடுத்ததால் மாதிரியில் கிருமி வளரவில்லை என்கிறார்கள் இங்குள்ள டாக்டர்கள். முதலில் எடுத்த மாதிரியின் முடிவு கிடைத்தால் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று தெரிந்து கொடுக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

5. அதைக் கேட்டு என் கொழுந்தன் முத்துகுமரன் நேற்றுப் போனார். மேலாளர் அந்தத் தாளை மேசை மேல் வைத்துக்கொண்டே, “போற வழியில அருவியில குளிச்சாரு, அதுலதான் காய்ச்சல்னு உங்க மதினி ஒரு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். இங்கனயே வாங்கிட்டுப் போங்க” என்றார். அவர்களே எழுதிவைத்த கடிதத்தையும் கொடுத்தனுப்பினார்.

6. வெட்கமாக இல்லையா என்று அவர்களைக் கேட்க வாய் துடிக்கிறது. மனு என்பதால் அடக்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை அருவிகளில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டதே தங்கள் நிர்வாகம்தான். முதுகில் கட்டோடு, இரண்டு பேர் தூக்கிக் காரில் வைத்த மனிதர், போலீசைத் தாண்டிப் போய் ஐந்தருவியில் நின்றாராம். நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். வியாழன் வந்த நடுக்கத்துக்கு வெள்ளிக்கிழமைக் குளியல் எப்படிக் காரணமாகும்? என் மில்லுக்கு மாவரைக்க வருகிற பிள்ளைகள்கூட இதைக் கேட்கும்.

7. ஆகவே, நாளை காலையிலேயே ஒரு அதிகாரியை அனுப்பி அந்த முடிவை வாங்கித் தர வேண்டுகிறேன். கிருமி முடிவு வராமல் இனி எவர் கல்லிலும் கை வைக்கக் கூடாது என்றும், காய்ச்சலோடு எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றும் உத்தரவிட வேண்டும். விசாரணையைப் பிறகு நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் அந்தத் தாள் வேண்டும்.

8. இவரை விட்டு நகர முடியாததால் கொழுந்தன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மதியம் வரை பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் அவர்கள் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்கு அவர் உயிரோடு வேண்டும். பின்னால் அந்தக் கடிதத்தைத் தங்கள் முன் நீட்டுவார்கள். அது பொய் ஐயா. என் கையெழுத்து இதுதான்.

இடம்: திருநெல்வேலி
நாள்: ஜூலை 20, ஞாயிறு

இ. வேல்விழி