ரப்பர் செருப்பு செய்த வேலை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் இங்கே கம்பெனி விடுதியில் நலம். நீங்களும் பாப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஒரு விஷயம், சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள். கரண்ட் இருக்கும் இடத்தில் ரப்பர் செருப்பு இல்லாமல் நிற்காதே என்று வயர்மேனான நீங்கள் ஓதியதை நம்பி, கம்பெனி கொடுத்த செருப்பைக் கழற்றிவிட்டு என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சர்க்யூட் போர்டுகளை அடுக்கினேன். மூன்று போர்டு செத்துவிட்டது.

"ஏம்மா, இங்க ஷாக் உனக்கில்ல, போர்டுக்குத்தான். நடக்க நடக்க உடம்புல மின்சாரம் சேரும். ரப்பர் போட்டா அது தரைக்கு இறங்காம உனக்குள்ளயே நிக்கும். நீ தொட்டதும் போர்டுல பாயும்" என்றார் சூப்பர்வைசர். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

உங்களுக்கு வாய்த்தது கம்பியில் ஓடுகிற மின்சாரம். எனக்கு வாய்த்தது போக வழியில்லாமல் நிற்கிற மின்சாரம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கதவைத் தொட்டால்கூடச் சுரீரென்கிறது. ஐந்து மாதமாக என்னைத் தொடுவது அது ஒன்றுதான்.

நீங்கள் கம்பம் ஏறும்போது ரப்பர் செருப்பை மறக்காதீர்கள், அங்கே அதுதான் சரி. நைலான் போர்வை சடசடவென்று பொறி விடுகிறது. போட்டுக்கொண்டு தூங்க உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. சட்டையைத் துவைக்க வேண்டாம்.