கல்லைப் புரட்டினால்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே சுகம்.

அரசாங்கப் பணத்தில் சீரமைத்த ஓடைக்கு உயிர் திரும்பிவிட்டதா என்று பார்ப்பதுதான் என் வேலை. தண்ணீர் உயிரோடு இருந்தால், கல்லைப் புரட்டும்போது அடியில் பூச்சிகள் ஒட்டியிருக்க வேண்டும். நேற்று வழுக்கி விழுந்ததில் குளியலும் முடிந்தது, அடி ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கல்லிலும் பூச்சி இல்லை.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, நல்லாருக்குன்னு எழுதிடுங்க,” என்றார் மேலதிகாரி. மாட்டேன் என்றுவிட்டேன்.

அப்பா போனபிறகு நீயும் போனில், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறாய். அக்காவிடம் கேட்டேன். அடுப்பே பற்றவைப்பதில்லையாமே?

இங்கே குளிர். அப்பாவின் ஸ்வெட்டரை அனுப்பு, துவைக்க வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது. மேலே நான் சுகம் என்று எழுதியிருக்கிறேனே, அதை நம்பாதே.

உன் மகன்