துரையின் சுழல் தூண்டில்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
12 டிசம்பர் 1936

பிரியமுள்ள ஏசம்மாளுக்கு,

கர்த்தர் கிருபையால் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள். சின்னவளுக்கு இருமல் நின்றதா?

நான் சமைத்துப்போடும் துரை விரால் பிடிக்கச் சீமைத் தூண்டில் ஒன்று வைத்திருக்கிறார். அதிலுள்ள பித்தளைத் தகடு தண்ணீரில் சுழலும். மீன்குஞ்சு என்று நினைத்து விரால் பாயும். போன வாரம் அது கண்மாய் மடையில் சிக்கியது. நான் இறங்கி எடுத்தேன். துருப்பிடித்த முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறிவிட்டது.

நேற்றிலிருந்து தாடைதான் கொஞ்சம் இறுகியிருக்கிறது. வாடைக்காற்று போலிருக்கிறது. இன்று காலை ராஜபாளையத்திலிருந்து டாக்டர் வந்து, "வாயைத் தொறப்பா" என்றார். விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை.

"கையில முள் குத்தி எத்தனை நாளாச்சு?"

"எட்டு நாள்" என்றேன்.

அவர் துரையை வாசலுக்கு அழைத்துப்போய் மெதுவாகப் பேசினார். திரும்பி வந்த துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி சமைக்க வேண்டாம், படுத்துக்கொள் என்றார்.

நீ பயப்படாதே. கழுத்து விறைப்பாயிருக்கிறது, உன் பழைய சேலை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்தால் தேவலை. தபாலில் அனுப்ப வேண்டாம். கடிதம் கண்டதும் பிள்ளைகளோடு ரயிலேறி நீயே கொண்டு வா. கை இழுக்கிறது, நிறுத்துகிறேன்.

உன்
சத்தியநேசன்